மண்குதிரையும் நிஜக் குதிரையும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில், இயற்பியல் துறை முன்னாள் மாணவரான பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த சங்கச் செயலாளர் அண்ணாச்சி, "நீ சாப்ட்வேர்ல இருக்கே, பயலுகளுக்கு வேலை வாய்ப்பு பத்தி நாலு வார்த்தை சொல்லு" என்றுதான் கேட்டார். "அண்ணாச்சி, அதைச் சொல்ல நம்ம சங்கத்திலேயே நூறு பேர் இருக்காங்க. நான் குதிரையைப் பத்திப் பேசட்டுமா?" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, பேசு. ஆனா சாப்பாட்டு நேரத்துக்கு முந்தி முடிச்சிரு" என்றார். முடித்துவிடுகிறேன்.

நான் சேரன்மகாதேவிக்காரன். 2005 முதல் 2008 வரை தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பேட்டைக்கு வந்து, நம் ம.தி.தா. இந்துக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். பி.எஸ்ஸி. முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்ற வழி இருப்பது தெரிந்து, அதில் நுழைந்து பொறியாளன் ஆனேன். பெங்களூருவில் வேலை. என் அப்பாவுக்கு மட்டும் இதில் ஒரு சின்ன வருத்தம். நான் வாத்தியார் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. "பி.எட். படிச்சிருந்தா ஊரோட இருந்திருக்கலாம்லா" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

இப்போது எனக்கு வயது முப்பத்தேழு. வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறேன். சனி, ஞாயிறு காலைகளில், நகரத்துக்கு வெளியே ஒரு பயிற்சிப் பள்ளியில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறேன். இதை வீட்டில் முதன்முதலில் சொன்னபோது அம்மா கேட்டது: "ஏல, எஞ்சினீயருக்குப் படிச்சிட்டு குதிர மேய்க்கவா போற?" பக்கத்து வீட்டுப் பெரியப்பா இன்னும் ஒரு படி மேலே போய், "மண்குதிரையை நம்பி ஆத்துல இறங்கின கதைதான்" என்றார்.

அந்தப் பழமொழிக்கு வேறு ஒரு விளக்கமும் சொல்வார்கள். அது குதிரை இல்லையாம், 'குதிர்' என்பதாம். குதிர் என்றால் ஆற்று நடுவே இருக்கும் மணல் திட்டு. பார்த்தால் கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் உள்ளே இழுத்துவிடும். தாமிரபரணியில் குளித்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கால் வைத்த குதிர் எது என்று முதலில் சொல்கிறேன்.

2017. எனக்கு வயது இருபத்தொன்பது. நான்கு வருடம் ராப்பகலாக உழைத்த ஒரு புராஜக்ட் ஒரே மின்னஞ்சலில் மூடப்பட்டது. வேலை போகவில்லை, 'பெஞ்ச்' என்பார்கள், அதில் உட்கார வைத்தார்கள். சம்பளம் வரும், வேலை இருக்காது, நாளைக்கு என்ன ஆகும் என்றும் தெரியாது. இரவில் தூக்கம் போயிற்று. காலையில் ஆபீஸ் வாசலைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும். யாரிடமும் சொல்லவில்லை. நம்ம ஊர்ப் பையன்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டோம். "நல்லாருக்கேன்" என்று போனை வைத்துவிடுவோம்.

அப்போதுதான் ஒரு நண்பன் தன் மகளை குதிரையேற்ற வகுப்புக்கு அழைத்துப் போகும்போது என்னையும் சும்மா கூட்டிப்போனான். குதிரை என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று, ஊர் எல்லையில் அய்யனார் கோயில் முன்னால் நிற்கும் சுதைக் குதிரை. இன்னொன்று, ஜங்ஷனில் குதிரை வண்டி நின்ற காலத்தைப் பற்றி அப்பா சொல்லும் கதை. நிஜக் குதிரையின் பக்கத்தில் நின்றது அன்றுதான் முதல் தடவை.

அங்கே லாயத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ரேஸ் குதிரைகளோடு முப்பது வருடம் வாழ்ந்தவர். எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தமிழ் பேசுவதைக் கேட்டு, "எந்த ஊரு தம்பி?" என்றார். "திருநெல்வேலிப் பக்கம்" என்றேன். "அப்ப வாங்க, தொட்டுப் பாருங்க" என்று ஒரு செம்பழுப்புக் குதிரையிடம் அழைத்துப் போனார். அதன் பெயர் மோத்தி. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட். நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் நிற்கும் குதிரைகளில் பல இப்படிப் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவைதான்.

நான் கை நீட்டியதும் மோத்தி தலையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கியது. பாய் சிரித்தார். "தம்பி, நீங்க மூச்சு விடவே இல்லை. அதுக்கு பயமா இருக்கு. மொதல்ல மூச்ச விடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. பல மாதமாக நான் மூச்சு விடாமல்தான் இருந்தேன். அதை மனிதர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஒரு குதிரை கண்டுபிடித்துவிட்டது!

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. குதிரை, வேட்டையாடப்படும் மிருகமாகப் பரிணமித்து வந்த ஜீவன். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட முழு வட்டமும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம், அவ்வளவுதான் அதற்குத் தெரியாத இடம். அதனால்தான் குதிரையின் பின்பக்கமாகப் போகாதே என்கிறோம். கூட்டத்தில் ஒரு குதிரை உடம்பை விறைத்தால் மற்றதெல்லாம் விறைக்கும். அதுதான் அவற்றின் எச்சரிக்கை மணி. பக்கத்தில் நிற்கும் மனிதன் விறைத்தாலும் அதற்கு அதே செய்திதான்.

அடுத்த வாரமே சேர்ந்தேன். மூன்றாவது மாதம் விழுந்தேன். தோள்பட்டைப் பக்கத்து எலும்பு விரிசல் விட்டது. குதிரை குப்புறத் தள்ளியதோடு குழியும் பறித்தது என்பார்களே, அதுபோல அதே வாரம் ஆபீஸில் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வும் கைவிட்டுப் போனது. அம்மாவிடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். (அம்மா முன் வரிசையில்தான் இருக்கிறார்கள். மன்னிச்சிரும்மா.) கட்டுப் பிரித்ததும் திரும்பப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் என் மனது வேறு எங்கும் போகாமல் இருந்தது. நானூற்றைம்பது கிலோ எடையுள்ள ஒரு ஜீவன் மேல் உட்கார்ந்துகொண்டு நாளைய கவலையை நினைக்க முடியாது. இன்றைய கவலையே போதும்!

அடுத்த ஆண்டு, 2018-இல், ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெங்களூருவைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா 'ஈவென்டிங்' தனிநபர் பிரிவில் வெள்ளி வாங்கினார். குழுவுக்கும் வெள்ளி. 1982 டில்லி ஆசியாட்டில் 61-வது குதிரைப்படை வீரர் ரகுபீர் சிங் தங்கம் வாங்கிய பிறகு, முப்பத்தாறு ஆண்டுகள் நமக்குத் தனிநபர் பதக்கம் கிடையாது. அன்று லாயத்தில் குதிரைகளுக்கெல்லாம் வெல்லம் கொடுத்தோம். பிறகு அவர் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் 23-வது இடம் வந்ததும், 2023-இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசியப் போட்டியில் 'டிரஸ்ஸாஜ்' குழு தங்கம் வென்றதும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஆனால் நான் பேச வந்தது பதக்கம் பற்றி அல்ல.

2019-இல் பள்ளிப் பொறுப்பாளர், "ஆள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை புதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் தெரிந்த மாதிரி நினைத்துக்கொண்டு இறங்கினேன். இங்கேதான் நான் வெட்கப்படும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

என்னிடம் வந்தவர்களில் பதினொரு வயதுப் பையன் ஒருவன். குதிரையின் நடைகளில் 'டிராட்' என்று ஒன்று உண்டு. முன்னங்கால் ஒன்றும், அதற்குக் குறுக்கே எதிர்ப்பக்கத்துப் பின்னங்கால் ஒன்றும் ஜோடியாக விழும். டக், டக் என்று இரண்டு தாளம். ஒரு தாளத்துக்கு எழ வேண்டும், அடுத்த தாளத்துக்கு உட்கார வேண்டும். தாளம் தப்பினால் முதுகெலும்பு அதிரும், குதிரைக்கும் வலிக்கும். அந்தப் பையனுக்கு அது பிடிபடவே இல்லை. நான், "எழுந்திரு, உட்காரு" என்று கத்தினேன். அவன் தப்பினான். இன்னும் சத்தமாகக் கத்தினேன். நாலாவது வாரம் எல்லோர் முன்னாலும், "எத்தனை தடவை சொல்றது?" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் இறங்கி, மோத்தியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். அப்புறம் வரவில்லை.

பாய் அன்று மாலை கொள்ளு ஊறவைத்துக்கொண்டே சொன்னார்: "கொள்ளுன்னா வாயைத் தொறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்னு குதிரையைச் சொல்றோம். நீங்க இன்னைக்கு கடிவாளத்தை மட்டுந்தான் காட்டினீங்க தம்பி."

அன்று இரவு எனக்கு ஞாபகம் வந்தது இந்தக் கல்லூரியின் இயற்பியல் வகுப்பறை. ஒத்ததிர்வு பாடம். எங்கள் பேராசிரியர் முதலில் இசைக்கவையை வைத்து விளக்கினார். பின் பெஞ்சில் இருந்த எங்கள் நாலைந்து பேருக்குப் புரியவில்லை. "சரிய்யா, ஊஞ்சல் ஆட்டியிருக்கியா? எந்த நேரத்துல தள்ளணும்?" என்றார். இரண்டு பேருக்குப் புரிந்தது. எனக்கு அப்போதும் புரியவில்லை. "சுலோசன முதலியார் பாலத்து மேல பட்டாளம் போகுதுன்னு வச்சுக்கோ. ஏன் எல்லாரும் ஒரே மாதிரி கால் வச்சுப் போகக்கூடாதுங்கான்?" என்றார். எனக்குப் பளிச்சென்று விளங்கியது. கடைசியில் அவர் சொன்ன வார்த்தை: "உனக்குப் புரியலைன்னா நீ மக்கு இல்லைடே. நான் இன்னொரு விதமாச் சொல்லலைன்னு அர்த்தம்."

அவர் எங்களுக்கு மூன்று விதமாகச் சொன்னார். நான் அந்தப் பையனுக்கு ஒரே விதமாகத்தான் சொன்னேன், சத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனேன். அதுவும் எந்தப் பாடம்? டிராட்டில் எழுந்து உட்காருவது என்பதே ஊஞ்சல் கணக்குதான்! குதிரையின் அதிர்வெண்ணோடு உன் உடம்பு சேர வேண்டும். பரீட்சையில் பத்து மார்க் வாங்கியவனுக்கு மைதானத்தில் அது தோன்றவில்லை.

பையனின் அம்மாவுக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் மரியாதையாகப் பேசினார்கள். பையன் திரும்ப வரவில்லை. கதையில் என்றால் வந்து பதக்கம் வாங்கியிருப்பான். நிஜத்தில் வரவில்லை. இன்றும் புது மாணவன் ஒருவன் தடுமாறும்போது அவன் முகம்தான் எனக்கு முன்னால் வரும்.

அதற்குப் பிறகு நான் சொல்லிக்கொடுக்கும் முறை மாறியது. இப்போதெல்லாம் முதல் நாள் யாரையும் ஏற்றுவதில்லை. தேய்த்துக் குளிப்பாட்டு, குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய், கயிற்றைப் பிடித்து நட. ஒரு குதிரை நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும், எட்டு ஒன்பது கிலோ தீவனம் தின்னும், ஆறு வாரத்துக்கு ஒரு முறை லாடம் பார்க்க வேண்டும், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் தின்னக்கூடாததைத் தின்றால் வயிற்றுவலியே உயிரை வாங்கிவிடும். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் சேணம். ஏறிய பிறகும் நீளக் கயிற்றில் வட்டமாக நடத்துவேன். கடிவாள வார் கையில் தர மாட்டேன். காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும். எஞ்சினீயருக்கு அதைச் சொல்லும்போது 'ஈர்ப்பு மையம்' என்பேன். சின்னப் பிள்ளையிடம், "குதிரை திடீர்னு மாயமா மறைஞ்சா நீ நின்னுகிட்டு இருக்கணும், விழக்கூடாது" என்பேன். தாளம் வராதவர்களுக்கு ஊஞ்சல் சொல்வேன், கும்மி சொல்வேன், கைதட்டி எண்ணச் சொல்வேன். ஏதோ ஒன்று பிடிபடும்.

நண்பர்களே, சொல்லித்தருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் தாமிரபரணியே சாட்சி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்த காயல் துறைமுகம், நம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பிஷப் கால்டுவெல் ஆராய்ந்து அடையாளம் காட்டிய ஊர் அது. அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக அங்கே வந்து இறங்கின. பாண்டிய மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரைகள் வாங்குவார், வருடக் கடைசியில் நூறு கூட மிஞ்சாது என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். காரணமும் சொல்கிறார்: குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, விற்கிற வியாபாரிகளும் லாடக்காரரை, வைத்தியரை உடன் அனுப்ப மாட்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம்! எண்ணிக்கையில் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் விஷயம் உறைக்கிறது. பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்கினோம். குதிரையை அறிந்தவனை வாங்கவில்லை. மாணிக்கவாசகரிடம் பாண்டியன் பணம் கொடுத்து அனுப்பியதும் குதிரை வாங்கத்தான். அந்தப் பணம் கோயிலுக்குப் போயிற்று, பரிகளாக வந்தவை ராத்திரியோடு நரிகளாகிப் போயின என்பது திருவிளையாடல். குதிரை எவ்வளவு விலையுயர்ந்த பொருளாக இருந்திருந்தால் அப்படி ஒரு கதை பிறந்திருக்கும்!

இன்னொரு உதாரணம். டென்மார்க்கில் லிஸ் ஹார்டல் என்று ஒரு பெண்மணி. 1944-இல், வயிற்றில் குழந்தையோடு இருக்கும்போது போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே செயலிழந்துவிட்டது. குதிரை மேல் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். அவர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில், ஆண்களோடு போட்டியிட்டு, டிரஸ்ஸாஜில் வெள்ளி வாங்கினார். 1956-லும் வாங்கினார். அவரைப் பார்த்துத்தான் உடல் ஊனமுற்றவர்களுக்குக் குதிரையேற்றத்தைச் சிகிச்சையாகக் கற்றுக்கொடுக்கும் முயற்சி ஐரோப்பாவில் பரவியது.

என்னிடம் வந்தவர்களில் அவ்வளவு பெரிய சாதனையாளர் யாரும் இல்லை. ஆனால் ஒரு அம்மையார் வந்தார்கள். நாற்பத்து நாலு வயது, வங்கி ஊழியர். மகள் கட்டாயப்படுத்தி அழைத்து வந்திருந்தாள். அவர்களுக்கு ஸ்கூட்டர் விபத்து ஒன்று நடந்து, அதன் பிறகு எதன் மேலும் ஏற பயம். பஸ்ஸில்கூட ஜன்னல் ஓரம் உட்கார மாட்டார்களாம். ஏழு வாரம் அவர்கள் ஏறவே இல்லை. மோத்தியைத் தேய்ப்பார்கள், தண்ணீர் காட்டுவார்கள், கயிற்றைப் பிடித்து நடப்பார்கள். எட்டாவது வாரம் தாங்களாகவே, "இன்னைக்கு ஏறிப் பார்க்கவா சார்?" என்றார்கள். பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூன்று சுற்று, வெறும் நடைதான். இறங்கி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். அடுத்த வாரம் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்து சொன்னார்கள்: "சார், இன்னைக்கு நானே ஸ்கூட்டில வந்தேன்."

ஆபீஸில் எனக்கு விருது தந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கட்டையில் பேர் பொறித்துக் கொடுத்தார்கள். எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும். இந்த ஒரு வாக்கியம் அப்படியே இருக்கிறது.

"அப்ப வேலையை விட்டுட்டு இதையே செய்யலாமா சார்?" என்று தம்பிகள் கேட்பீர்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். நான் வேலையை விடவில்லை. 2020 ஊரடங்கில் வகுப்பு நின்றது, வருமானம் நின்றது; குதிரையின் வயிறு மட்டும் நிற்கவில்லை. பள்ளிக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் தீவனம் வாங்கினோம். என் பங்கு என் சம்பளத்திலிருந்து போனது. அதனால் சம்பளத்தை நான் கேலி பேச மாட்டேன். ஆனால் ஒன்று, பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் உயிரே அந்த ஆபீஸில்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அதுதான் நான் நம்பிய குதிர். இப்போது அங்கே என்ன நடந்தாலும் நான் முழுசாக மூழ்க மாட்டேன். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு என்னை எதிர்பார்த்துச் சிலர் நிற்பார்கள்.

மாணவர்களுக்கு ஒரு தகவல். குதிரை என்றால் பணக்காரர் விளையாட்டு என்று ஒதுங்காதீர்கள். என்.சி.சி.யில் 'ரீமவுண்ட் அண்ட் வெட்டர்னரி' என்றே ஒரு பிரிவு உண்டு. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் அது இருக்கிறது. மிருகங்கள் மேல் பிரியம் இருந்தால், நம் ராமையன்பட்டியிலேயே 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. உங்கள் தம்பி தங்கைகளுக்குச் சொல்லுங்கள். காவல்துறையில் குதிரைப்படை இருக்கிறது. குதிரையே வேண்டாம், நீச்சலோ நாதஸ்வரமோ தறியோ உங்களுக்குத் தெரிந்த ஒன்றை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். நமக்கு எவ்வளவு தெரியாது என்பது அப்போதுதான் தெரியும்.

போன வருடம் அம்மா பெங்களூரு வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடவே அழைத்துப் போனேன். வேலி ஓரம் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் வகுப்பைப் பார்த்தார்கள். வெயிலில் வேர்த்துக்கொண்டு நான் ஒரு சின்னப் பெண்ணுக்கு மூன்றாவது விதமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். முடித்து வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார்கள். மோத்திக்கு ஒரு காரட் கொடுத்தார்கள். காரில் வரும்போது பாதி வழியில்தான் பேசினார்கள்: "ஒங்கப்பா இருந்திருக்கணும்ல. நீ கடைசியில வாத்தியாராத்தான் ஆயிருக்க."

அந்த வாத்தியாரை உருவாக்கியது இந்தப் பேட்டையில் இருக்கும் வகுப்பறை. மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்த அந்தப் பேராசிரியர் பெருமகனுக்கும், அவர் போன்ற அனைவருக்கும் என் நன்றியைச் சொல்லிக்கொள்கிறேன். செயலாளர் அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சாப்பாடு தயாராகிவிட்டது போலிருக்கிறது. பெங்களூரு பக்கம் வந்தால் சனிக்கிழமை காலை வாருங்கள். ஷூ போட்டு வாருங்கள், அவ்வளவு போதும். முதல் நாள் ஏற்ற மாட்டேன் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.